பணம் செல்லும் திசை

வீட்டில் உபயோகமற்றுக் கிடந்த தையல் இயந்திரத்தை விற்க எண்ணிய குடும்பம் ஒன்று, அதன் படத்தையும் தன் கைபேசி எண்ணையும் இணையச் சந்தையில் வெளியிடுகிறது. ஒரு மணி நேரத்திற்குள் ஒருவர் பேசுகிறார். தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், நேரில் வர இயலாதென்றும், கேட்ட விலையை உடனே அனுப்புவதாகவும் கூறுகிறார். சற்று நேரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த சதுரக் குறி ஒன்று வந்து சேர்கிறது. ‘இதைச் செயலியில் ஸ்கேன் செய்து, உங்கள் பின் எண்ணை இடுங்கள், பணம் உங்கள் கணக்கில் சேரும்’ என்கிறார் அவர். தாயார் கைபேசியை எட்டாம் வகுப்பில் பயிலும் மகளிடம் நீட்டுகிறார். அவ்வீட்டில் அதைத் தயக்கமின்றி இயக்க வல்லவள் அவளே. அடுத்த அரை நிமிடத்தில் அவள் செய்வதைப் பொறுத்தே அக்குடும்பத்தின் சேமிப்பு நிற்கும், அல்லது போகும்.

இது எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நிகழ்ச்சியே எனினும், இவ்வகை மோசடி நாட்டின் பல பகுதிகளில் ஏறக்குறைய இதே சொற்களுடன் நடந்திருக்கிறது. ஏமாந்தோரில் நன்கு படித்தவர்களும் உண்டு. ஆகவே இதனை அறியாமை என்று கூறி ஒதுக்குதல் சரியன்று. ஏமாறுவதற்கான காரணம் நம் பழக்கத்திலேயே அமைந்திருக்கிறது. பணம் பெறுபவர் ஒப்பமிடுவது இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர், பெறுபவரின் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ வாங்கிக்கொண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தார். கூலிப் பட்டியலிலும் அவ்வாறே. இன்றும் கிராமத்தில் வங்கி முகவரிடம் ஆதார் வழியாக ரொக்கம் பெறுவோர் விரலை வைத்தாக வேண்டும். (உண்மையில் அது தம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு அளிக்கும் அனுமதியே. ஆயினும் கைக்குப் பணம் வருவதால், பெறுவதற்கு இட்ட ஒப்பம் போலவே தோன்றுகிறது.) கைபேசிப் பண மாற்றில் இவ்வழக்கம் தலைகீழாகிறது. கொடுப்பவரே ஒப்பமிடுகிறார்; பெறுபவர் ஏதும் செய்ய வேண்டியதில்லை. இவ்விரு வழக்கங்களுக்கும் இடையிலுள்ள சந்தில்தான் மோசடிக்காரர் நுழைகிறார்.

‘பின் எண்ணை எவரிடமும் கூறாதீர்’ என்னும் எச்சரிக்கை எங்கும் ஒட்டப்பட்டிருக்கிறது. மேற்கூறிய நிகழ்ச்சியில் எவரும் பின் எண்ணைக் கேட்கவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் கைபேசியில் தானே இடும்படிதான் கூறப்பட்டது. எச்சரிக்கையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் மாணவியும் இங்கே பணத்தை இழப்பாள். கருவி இயங்கும் விதத்தை அறிந்தவளோ, முன்பின் கேட்டிராத புதிய தந்திரத்தையும் இனங்கண்டுகொள்வாள்.

முதலில் சதுரக் குறியை எடுத்துக்கொள்ளலாம். கியூ.ஆர். குறி எனப்படும் இது, 1994-ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழுவினரால், மோட்டார் வாகன உறுப்புகளைக் கணக்கில் வைப்பதற்காக அமைக்கப்பட்டது. மூன்று மூலைகளில் காணப்படும் பெரிய சதுரங்கள், குறி எப்பக்கம் திரும்பியிருப்பினும் அதன் நிலையைக் காமிரா அறிவதற்கானவை. எஞ்சிய கட்டங்களில் எழுத்துக்களும் எண்களும் கறுப்பு வெள்ளையாகப் பொதியப்பட்டுள்ளன. மிகச் சிறிய குறியில் பக்கத்திற்கு 21 கட்டங்கள் உள்ளன. மிகப் பெரியதில் 177. ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து செய்தியை மீட்டுக்கொள்ளும்படி உபரி விவரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. மிக உயர்ந்த அளவில் அமைத்தால் ஏறத்தாழ 30 சதவிகிதம் வரை சேதத்தைத் தாங்கும். வகுப்பில் இதனை எளிதாகச் சோதித்துக் காட்டலாம். குறியின் நடுப்பகுதியில் சிறு காகிதத் துண்டை ஒட்டினால் பெரும்பாலும் படிக்க முடியும். மூலைச் சதுரம் ஒன்றை மறைத்தால் கைபேசி பொதுவாகத் திகைத்து நிற்கும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பாடநூல்களிலும் இத்தகைய குறிகள் அச்சிடப்பட்டுள்ளன. அவை ‘தீக்ஷா’ தளத்திலுள்ள பாடங்களுக்கு வழிகாட்டுகின்றன. அங்கே குறி செய்வதெல்லாம் ஒரு முகவரியைச் சொல்வதே. கடைக்காரர் வைத்திருக்கும் பணக் குறியும் அவ்வாறே. பணம் பெறவேண்டியவரின் முகவரியும் பெயரும், சில வேளைகளில் தொகையும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பணம் அதற்குள் இருப்பதில்லை. அதை ஸ்கேன் செய்பவர், ‘இன்னாருக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று முகவரி எழுதத் தொடங்குகிறார் என்றே பொருள். தபாலுறை மீது பிறர் முகவரியை எழுதிப் பெட்டியில் இட்டுவிட்டு, தமக்குக் கடிதம் வருமெனக் காத்திருப்பார் உண்டோ?

இனி அம்முகவரிக்குப் பணம் செல்லும் வழி. இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் யூ.பி.ஐ. முறையை 2016-இல் தொடங்கியது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இதன் வழியாக 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. செயலியை முதன்முதல் அமைக்கும்போது, கைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே செல்கிறது. இன்ன சிம் அட்டை இன்ன கைபேசியில் உள்ளது என்பது அதனால் உறுதியாகிறது. பணம் அனுப்புகையில் இடப்படும் பின் எண், கைபேசியிலேயே சங்கேதமாக மாற்றப்பட்டு, கழகத்தின் மைய இணைப்பின் வழியாகப் பணம் கொடுப்பவரின் வங்கியைச் சென்றடைகிறது. அதைச் சரிபார்ப்பது அவ்வங்கியே. சரியென்றால் தொகை அங்கே கழிக்கப்பட்டு, பெறுபவரின் வங்கியில் வரவு வைக்கப்படுகிறது. பெறுபவரின் பின் எண்ணுக்கு இப்பாதையில் எங்குமே இடமில்லை. பின் எண் கேட்கப்படும் திரையில், பணம் எவருக்குச் செல்கிறது, எவ்வளவு செல்கிறது என்னும் விவரம் காட்டப்படுகிறது. அதைப் படிக்கும் பழக்கமே மாணவிக்கு முதலில் வரவேண்டும். கடை வாசலிலுள்ள குறியின் மீது வேறொரு குறியை ஒட்டிவிட்டுச் செல்லும் திருட்டும் அப்பெயரைப் படிப்பவரிடமே பிடிபடுகிறது.

ஆசிரியர்கள் இங்கே சில நுணுக்கங்களை விட்டுவிடலாகாது. கணக்கிலுள்ள இருப்பை அறியவும் பின் எண் தேவைப்படுகிறது. சிறு தொகைகளை அதுவின்றியே செலுத்தும் ‘லைட்’ முறையும் உண்டு. ஆகவே ‘பின் எண் இட்டால் பணம் போகும், இடாவிட்டால் போகாது’ என்று கற்பித்தால், ஒரு வாரத்திற்குள் அது தவறென்று மாணாக்கரே நிரூபித்துவிடுவர். பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டாம் என்பதே விலக்கில்லாத விதி. தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் யூ.பி.ஐ. வழியாகப் பணம் கோரி விண்ணப்பம் அனுப்பும் வசதி, மோசடிக்கு இடமளித்ததால் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது; வணிகர் அனுப்பும் கோரிக்கைகள் நீடித்தன.

ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண்ணும் இதே இனத்தைச் சேர்ந்தது. அந்த எண் வந்த கைபேசி உரியவர் கையிலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆறு இலக்க எண்ணில் பத்து லட்சம் வகைகள் உண்டு. சில நிமிடங்களில் காலாவதியாகும் அதனை ஊகித்தறிதல் அரிது. ஆகையால் திருடர் ஊகிப்பதில்லை, கேட்டு வாங்குகிறார். வீட்டிலுள்ள பெரியோருக்குக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லும் மாணாக்கர், எண்ணை மட்டும் பொறுக்கிச் சொல்லாமல், எதற்காக வந்தது என்னும் வாசகத்தை முழுவதும் படித்துக்காட்ட வேண்டும். முன்னாளில் கடிதம் படித்துக் கொடுத்தவர்க்கு ஊராரின் இரகசியங்கள் தெரிந்திருந்தன; அதே பொறுப்பு இன்று இச்சிறுவர் தோளில் ஏறியிருக்கிறது. திரையைப் படித்துச் சொன்னபின், பின் எண்ணை இடுவதற்குக் கைபேசியைத் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வது, மரியாதையும் பாதுகாப்பும் ஒருங்கே ஆகும்.

அச்சமூட்டிப் பறிக்கும் மற்றொரு முறையும் பரவியிருக்கிறது. போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டி, அறையை விட்டு நகரவிடாமல் பணத்தை மாற்றச் செய்கிறார். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது; 2024 அக்டோபரில் பிரதமரும் தமது வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். அழைப்பைத் துண்டிப்பது குற்றமன்று என்பதை ஊழியர்கள் கிராமத்தாருக்குத் தெளிவாகச் சொல்லலாம்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் பணம் போவதுண்டு. அப்போது காலமே முக்கியம். திருடப்பட்ட தொகை ஒரே கணக்கில் தங்குவதில்லை. நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடுகிறது. உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் இயங்கும் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தால், செய்தி சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குச் செல்கிறது. பணம் எந்தக் கணக்கில் எஞ்சியிருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்கப்படும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வங்கிக்கும் தனியே தெரிவித்தல் அவசியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறியின்படி, வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்ததற்குப் பின் நேரும் இழப்பு அவருடையதன்று. தெரிவிக்கும் வரை நேர்ந்தது மட்டுமே அவரைச் சாரும்.

தெரிவிக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கமே. தன் விரலால் வீட்டுப் பணம் போயிற்று என்று அஞ்சி, மாணவி இரவு முழுவதும் வாய்திறவாதிருந்தால், மீட்கக்கூடிய பொழுது கடந்துவிடும். ‘இத்தனை படித்தும் இப்படிச் செய்தாயே’ என்று பெரியோர் கடிந்துகொள்ளும் வீட்டில் அவள் எவ்வாறு வாய்திறப்பாள்? பெற்றோர் கூட்டங்களில் மோசடி வகைகளைப் பட்டியலிடுவதைக் காட்டிலும் இதனைப் பேசுவதே பயன் மிக்கது.

மாணாக்கர் ஏமாற்றப்படுபவராக மட்டுமின்றி, தாமறியாமலே உடந்தையாகவும் ஆகக்கூடும். மேற்சொன்னவாறு பிரிந்து செல்லும் பணத்திற்குக் கணக்குகள் வேண்டும். ‘உன் கணக்கைச் சில நாட்கள் கொடு, ஆயிரத்துக்கு இவ்வளவு கமிஷன்’ என்று கூறி, கல்லூரி மாணாக்கரிடமும் வேலை தேடும் இளைஞரிடமும் அவை திரட்டப்படுகின்றன. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாக உபயோகிப்பதும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியவை. கணக்கை இரவல் கொடுத்தவர், தாம் எவரையும் ஏமாற்றவில்லை என்று எண்ணியிருப்பார். ஆயினும் போலீசார் தேடிவரும் முகவரி அவருடையதே. கணக்கு முடக்கப்படுகையில், அதே கணக்கிற்கு வரவேண்டிய கல்வி உதவித்தொகையும் அவர் கைக்கு எட்டாமல் போகிறது.