ஓடுவதற்கு முன்னே ஒரு பந்தயம்

திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்டால் சிறிது தூரத்திலேயே ஒலக்கூர் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவில், சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். இயற்பியல் வாத்தியாருக்குக் கடிகாரம் பிடிக்கவா தெரியாது என்ற நம்பிக்கைதான்!

பெயர் கொடுத்தவர்கள் 32 பேர். மைதானத்தில் ஒரே சமயத்தில் 8 சைக்கிள்களுக்கு மேல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே எட்டு எட்டுப் பேராக 4 தகுதிச் சுற்றுகள் வைத்து, குறைந்த நேரம் எடுத்த 8 பேரை இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தோம். கடைசியாக உள்ளே வந்தவனின் நேரம் 1 நிமிடம் 52.3 விநாடி. அவனுக்கு அடுத்தவனின் நேரம் 1 நிமிடம் 52.4 விநாடி. பத்தில் ஒரு விநாடியில் அவன் வெளியேறினான்.

இருவரும் வெவ்வேறு சுற்றில் ஓட்டியவர்கள். ஒருவனுக்கு நான் கடிகாரம் பிடித்தேன். மற்றவனுக்கு இன்னோர் ஆசிரியர். வெளியேறிய மாணவன் என்னிடம் வந்து, "சார், உங்க ரெண்டு பேர் வாட்சும் ஒரே மாதிரி ஓடுமா?" என்று கேட்டான். "முடிவு முடிவுதான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது சரியான இயற்பியல் கேள்வி என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

இதே கேள்வியைக் கார்ப் பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்ட விடைகளைப் பார்ப்போமா?

முன்வரிசை யாருக்கு?

நம் மாநிலத்தில் கார்ப் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்திவந்தது. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது. வேறு தொழில் பார்த்துக்கொண்டு, வார இறுதியில் சொந்தச் செலவில் கார் ஓட்டும் ஆர்வலர்கள் பலர் இத்தகைய பாதைகளில்தான் பழகுகிறார்கள்.

இருபது கார்களை ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. யாரோ முன்னால், யாரோ பின்னால் நிற்கத்தான் வேண்டும். பழைய நாளில் பெரிய பந்தயங்களில்கூடச் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார்கள். 1933-ஆம் ஆண்டு மொனாக்கோ பந்தயத்தில், பயிற்சி ஓட்டத்தில் எடுத்த நேரத்தை வைத்து வரிசை அமைத்தார்கள். வேகமானவருக்கு முன்வரிசை! அதிர்ஷ்டத்தின் இடத்தில் அளவீடு வந்து அமர்ந்தது. ஆனால் அளவீடு என்று வந்துவிட்டால் பிழையும் கூடவே வரும் அல்லவா?

கட்டை விரலின் தாமதம்

கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்த ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் இந்தத் தாமதம் ஒரே அளவாக இருந்தால் கழிந்துபோகும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் சிறிது மாறுகிறது. ஆளுக்கு ஆளும் மாறுகிறது. ஆகவே கையால் குறித்த நேரத்தில் பத்தில் ஒரு விநாடி கூடக் குறைய இருப்பது இயல்பே.

ஒரு கார் இருங்காட்டுக்கோட்டைப் பாதையை 2 நிமிடத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 31 மீட்டர். அப்படியானால் 0.1 விநாடி என்பது 3 மீட்டருக்குச் சமம். கிட்டத்தட்ட ஒரு காரின் நீளம்!

இதற்காகவே காரில் டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறிய கருவியைப் பொருத்துகிறார்கள். கோட்டின் அடியில் பதித்த கம்பிச் சுருளைக் கடக்கும்போது அது தன் அடையாள எண்ணைத் தெரிவிக்கும். ஒரே கடிகாரம் எல்லாக் கார்களுக்கும் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை நேரம் குறிக்கும்.

அதிலும் சமநிலை வந்தால்? 1997-இல் ஸ்பெயின் நாட்டின் ஹெரெஸ் நகரில் வந்தேவிட்டது! ஃபார்முலா 1 தகுதிச் சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் ஆகிய மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்று ஒரே நேரத்தைப் பதிவு செய்தார்கள். யாரும் சண்டையிடவில்லை. அந்த நேரத்தை முதலில் எடுத்தவருக்கு முதலிடம் என்று விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. வில்நெவ் முன்னால் நின்றார்.

ஏழு சதவீதக் கோடு

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனை நீங்கள் அறிவீர்கள். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2011 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அவரால் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியவில்லை. தகுதிச் சுற்றின் முதற்பகுதியில் மிகக் குறைந்த நேரம் 85.296 விநாடி. அதில் 107 சதவீதத்துக்குள், அதாவது 91.266 விநாடிக்குள் சுற்ற வேண்டும் என்பது விதி. நரேனின் நேரம் 94.293 விநாடி. அவருடைய அணித் தோழர் லியூட்ஸியும் வெளியேறினார். அந்த அணியின் புதிய கார் அதற்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் ஓடியிருக்கவே இல்லை.

கொடுமை என்று தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 சதவீதம் மெதுவான கார் 100 சுற்று முடிக்கும் நேரத்தில் முன்னவர் 107 சுற்று முடிப்பார். ஆகவே சுமார் 15 சுற்றுக்கு ஒருமுறை அவரை மீண்டும் தாண்டிச் செல்வார். மெல்போர்னில் மொத்தம் 58 சுற்று. தாண்டுதல் 3 முறை. வித்தியாசம் பத்தரை சதவீதமானால் அது 5 முறையாகிவிடும். ஒவ்வொரு தாண்டுதலும் இருவருக்கும் ஆபத்து. 5 விநாடி, 6 விநாடி என்று வைக்காமல் சதவீதமாக வைத்ததும் நியாயமே: பாதை நீளமானால் அனுமதிக்கும் வித்தியாசமும் தானே நீளும். அசாதாரண நிலையில், பயிற்சியில் நல்ல நேரம் எடுத்தவரை நடுவர்கள் அனுமதிக்கவும் விதியில் இடம் உண்டு. இரண்டு வாரம் கழித்து மலேசியாவில் நரேன் கோட்டுக்குள் வந்து, பந்தயத்திலும் ஓட்டினார்.

எடையும் மழையும்

நேரம் சரியாக அளந்தாயிற்று. நிபந்தனைகள் சமமா? முடுக்கம் = விசை ÷ நிறை என்பது உங்களுக்குத் தெரியும். 480 கிலோ காரில் 50 கிலோ மாணவரும், அதே போன்ற இன்னொரு காரில் 80 கிலோக்காரரும் அமர்ந்தால், பின்னவரின் முடுக்கம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். ஆகவே காரையும் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை விதிக்கிறார்கள். இலேசானவர் எடைக் கட்டி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டம் முடிந்ததும் எடை போடுவார்கள். குறைந்தால் எடுத்த நேரம் செல்லாது.

மழைதான் சிக்கல். முதல் குழு காய்ந்த பாதையிலும் இரண்டாம் குழு நனைந்த பாதையிலும் ஓடினால் இருவர் நேரத்தையும் ஒப்பிடலாமா? கூடாது. ஈரத்தில் டயரின் உராய்வு குறைந்துவிடும். அப்போது ஒவ்வொரு குழுவிலும் முதலில் வந்த இத்தனை பேர் என்று எடுப்பதே முறை.

இப்போது என் மைதானத்துக்குத் திரும்புவோம். இரண்டு கடிகாரம், இரண்டு விரல், 0.1 விநாடி வித்தியாசம். எங்கள் அளவீட்டின் பிழையே அதைவிடப் பெரியதாக இருந்திருக்கலாம். அந்த எண்ணை வைத்து அவனை வெளியேற்ற எனக்கு நியாயம் இல்லை. இருவரையும் மட்டும் மறுபடி ஒன்றாக ஓடவிட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அல்லது ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வந்த இரண்டு பேர் என்று காலையிலேயே அறிவித்திருந்தால் கடிகாரமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா வரும்போது ஒன்று செய்யுங்கள். ஒரே ஓட்டத்துக்கு ஐந்து பேர் தனித்தனியே நேரம் குறியுங்கள். ஐந்து எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எழுதி, உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வரை இருவரையும் சமமாகக் கொள்ளலாம் என்பதை, போட்டி தொடங்கும் முன்பே அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.