துண்டுக் கோலில் புள்ளி எதற்கு?

ஏழடித் தூண்டில் கோலைப் பேருந்தில் கொண்டுபோவது பெரும்பாடு. அதையே நான்கு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் இரண்டடிக்கும் குறைவுதான். முதுகுப் பையில் அடங்கிவிடும். இப்படிப்பட்ட பயணக் கோல்கள் பலவற்றில், மூட்டுக்கு மேலும் கீழும் வெள்ளையாக ஒவ்வொரு சிறு புள்ளி இருக்கும். அழகுக்கு வைத்தது போலத் தெரியும். அதற்கு வேலை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஹைரம் லெனார்டு போன்றவர்கள் ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்தார்கள். அதில் பட்டைக்கு நேரே பட்டை வந்தால் திசை சரி. கண்ணாடி இழையும், 1970களில் கார்பன் இழையும் வந்த பிறகு கோல் உருண்டைக் குழாயாகிவிட்டது. பிசின் ஊறிய இழைத்துணியை நுனி நோக்கிச் சிறுக்கும் எஃகுக் கம்பியில் சுற்றி, சூட்டில் இறுகவைத்து, கம்பியை உருவிவிடுவார்கள். உருண்டைக்குள் உருண்டை எந்தத் திசையிலும் செருகிக்கொள்ளும்.

ஆனால் நூல் ஓடும் வளையங்கள் ஒரே கோட்டில் நின்றாக வேண்டும். விலகினால் நூல் வளைந்து நெளிந்து உரசும், வீச்சு குறையும். மீன் இழுக்கும்போது கோல் வளைவதோடு முறுகவும் செய்யும். அந்த முறுக்கு மூட்டைத் தளர்த்தும். தளர்ந்த மூட்டில் பாரமெல்லாம் வெளிக்குழாயின் விளிம்பில் விழுந்து அது பிளந்துவிடும்.

இரு புள்ளிகளும் எதிரெதிரே வந்தால் வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று தெரிந்துவிடும். புள்ளி இல்லாத கோலுக்கு நாமே வைக்கலாம். நுனித் துண்டிலிருந்து தொடங்குங்கள். வளையங்கள் கால் சுற்று விலகியிருக்கும்படி செருகி, மெல்லத் திருகிக்கொண்டே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் மூட்டு நன்றாக இறுகும். எல்லாத் துண்டுகளையும் பொருத்தியபின் வளையங்கள் கீழ்ப்பக்கம் வரும்படி பிடித்து, ஒற்றைக் கண்ணால் அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். ஒவ்வொரு வளையமும் கோலின் இருபுறமும் ஒரே அளவு எட்டிப்பார்க்க வேண்டும். ஒன்று இடப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அந்தத் துண்டு விலகியிருக்கிறது.

நேரானதும், பல்குத்தும் குச்சியின் முனையை வெள்ளை நெயில் பாலிஷில் தொட்டு, மூட்டு விளிம்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என எதிரெதிரே வையுங்கள். காய்ந்ததும் நிறமற்ற பாலிஷ் ஒரு பூச்சு. உள்ளே செருகும் பகுதியில் மட்டும் சாயம் படக் கூடாது. அந்த மெல்லிய படலமே மூட்டை முழுதாக இறங்கவிடாது. எண்ணெயும் வேண்டாம், வேண்டுமானால் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்க்கலாம்.

சில கோல்களில் உட்செருகும் திடமான முளை இருக்கும். இறுகிய பிறகும் இரு குழாய்களுக்கிடையே சிறு இடைவெளி தெரியும். தேய்மானத்துக்காக விட்ட இடம் அது. அதை மூடுவதற்காக அழுத்தித் தள்ளக் கூடாது. கழற்றும்போது வளையத்தைப் பிடித்துத் திருகாமல், குழாயைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

பொருத்தியதோடு புள்ளியின் வேலை முடிவதில்லை. திரும்பத் திரும்ப வீசும்போது மூட்டு சிறிது சிறிதாகத் திரும்பும். கையில் அது தெரியாது. இரண்டு புள்ளிகளும் எதிரெதிரே இல்லையென்றால் மூட்டு இளகிவிட்டது என்று பொருள். அடுத்த வீச்சுக்கு முன் கழற்றி, மணலும் ஈரமும் போகத் துடைத்து, மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.