முன் சக்கரத்தின் தாழ்ப்பாள்

மழைக்காலம் பிறந்துவிட்டால் ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டப் பாதைகளின் குணமே மாறிவிடுகின்றது. வெயிற்காலத்தில் புழுதியாய்ப் பறக்கும் செம்மண், அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் மழையில் சவர்க்காரம் தடவிய பலகைபோல் வழுக்குகின்றது. டத்தோ மலை அடிவாரத்திலும், பெடாஸ், செம்போங் பக்கங்களிலும் மேட்டு நிரைகளில் பால் வெட்டும் நண்பர்களுக்கு இதனை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளிலும், எஞ்சியுள்ள ரப்பர்க் காடுகளில் பாலையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளைக் காணலாம்.

அத்தகைய வண்டி ஒன்றில் ஒரு முறை நானும் சென்றேன். பின்புறம் பால் தொட்டியும் எட்டுத் தொழிலாளர்களும் இருந்தனர். மேட்டின் நடுவே வண்டி தயங்கியது. ஓட்டுநர் நான்கு சக்கர இழுவைக்குரிய சிறு நெம்புகோலைப் போட்டார். முன் சக்கரங்கள் அசையவில்லை. பின் சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. வண்டி மெல்லப் பின்னோக்கி வழுக்கி வாய்க்காலில் சாய்ந்தது. குதித்தவர்களுள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. அதனோடு போயிற்று என்று ஆறுதல் அடைந்தோம். பின்னர் பார்த்தபோது, இடப்பக்க முன் சக்கரத்தின் ‘ஹப்’ பூட்டு பாதி திரும்பிய நிலையில் துருப்பிடித்து நின்றது தெரியவந்தது.

இந்த ஹப் பூட்டு என்பது என்ன? முன் சக்கரத்தின் நடுவில், உள்ளங்கை அளவில், திருகக்கூடிய குமிழுடன் இருப்பதே அது. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, அச்சுத்தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இது அப்படி. குமிழை ‘லோக்’ என்ற குறிக்குத் திருப்பினால், உள்ளேயுள்ள பல்வளையம் நகர்ந்து தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கின்றது. ‘ஃபிரீ’ என்ற குறிக்குத் திருப்பினால் இணைப்பு விலகிச் சக்கரம் தனியே உருளுகின்றது.

இரண்டாம் உலகப் போருக்காக உருவான ஜீப் வண்டிகளில் இத்தகைய தாழ்ப்பாள் இல்லை. தார்ச்சாலையில் ஓடும்போதும் முன் தண்டுகள் வீணே சுழன்று எண்ணெயையும் பற்சக்கரங்களையும் தின்றன. போருக்குப்பின் மலிவாக விற்கப்பட்ட அவ்வண்டிகளுக்கென்று அமெரிக்கரான ஆர்தர் வார்ன் 1948இல் இவ்வகை ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாக வெளிவந்தது. அதற்கும் இவ்வகை ஹப்புகளை வாங்கிப் பொருத்துவோர் பின்னாளில் பெருகினர்.

இரு பக்கமும் பூட்டப்பட வேண்டும் என்பதே இதில் உயிரான செய்தி. ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாவிட்டால் பாதி இழுவையாவது கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கிடைக்காது. முன்னச்சின் நடுவிலுள்ள ‘டிஃபரன்ஷியல்’ எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். பூட்டாத பக்கத்துத் தண்டு வெறுமனே சுற்றும். பூட்டிய சக்கரம் அசையாது நிற்கும். நாங்கள் வாய்க்காலில் விழுந்த கதை இதுதான்.

1980களில் வந்த சில வண்டிகளில் தானியங்கி ஹப்புகள் இருந்தன. நான்கு சக்கர இழுவையைப் போட்டு வண்டியை நகர்த்தினால் இவை தாமே பூட்டிக்கொள்ளும். இழுவையை எடுத்துவிட்டுச் சிறிது பின்னோக்கி ஓட்டினால் விடுபடும். வசதிதான். ஆனால் சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னுமாக அசைக்கும்போது, திசை மாறும் ஒவ்வொரு முறையும் இவை பூட்டு விட்டுப் பிடிக்கக்கூடும். வயதான சுருள்வில்லும் தேய்ந்த பல்லும் சேர்ந்தால் பிடிக்காமலே போவதும் உண்டு. ஆகவே இவற்றைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பும் ஹப்புகளைப் பொருத்துவது நல்ல முடிவு என்பது என் கருத்து.

மாற்றும்போது இரண்டையும் ஒரே வகையில் மாற்றுதல் வேண்டும். வாங்குமுன் அச்சுத்தண்டின் பற்களையும் மரையாணிகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும். தானியங்கியிலிருந்து கைப்பூட்டுக்கு மாற்றுகையில், சில வண்டிகளில் சக்கர பேரிங்கை இறுக்கும் நட்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும். இதைக் கேளாமல் வாங்கி வந்து பாதியில் விழிப்போர் உண்டு.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பழைய லேண்ட்ரோவரின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. பின்னச்சுக்குச் செல்லும் தண்டைத்தான் அது பிடிக்கின்றது. எனவே கட்டையே உறுதி. மூடியைக் கழற்றினால் தண்டின் முனையில் ஒரு வளையக் கிளிப் தெரியும். அதனை எடுத்தபின் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றலாம். டொயோட்டா வண்டிகளில் நட்டுக்கு அடியில் கூம்பு வளையங்கள் இறுகிக் கிடக்கும். அவற்றைத் திருப்புளியால் நெம்பினால் எண்ணெய்த் தடுப்புத் தாள் அமரும் முகம் கெட்டுவிடும். பித்தளைச் சுத்தியலால் பக்கத்தில் மெல்லத் தட்டினால் கூம்பு தானே விடும். பொறுமை வேண்டும்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புதிய தாள் வைக்க வேண்டும். கிரீஸ் எவ்வளவு அடைத்தாலும் நன்மை என்று கருதுவது தவறு. பல்வளையம் நகர இடமின்றித் திணறும். மெல்லப் பூசினால் போதும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கிச் சில நாள் ஓடியபின் மறுமுறை இறுக்கிப் பாருங்கள்.

வேலை சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இழுவை நெம்புகோல் இரு சக்கர நிலையில் இருக்க, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். ‘ஃபிரீ’யில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன்னச்சுக்குச் செல்லும் தண்டு சும்மா இருக்க வேண்டும், ‘லோக்’கில் அதுவும் உடன் சுற்ற வேண்டும். மறுபக்கமும் அவ்வாறே.

இவை பட்டறைக்காரர் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். வண்டியின் பின்னால் ஏறுகின்றவர் நீங்கள். இரு குமிழ்களும் ஒரே குறியில் நிற்கின்றனவா என்று ஏறுமுன் பார்க்க அரை நிமிடம் ஆகும். கோளாறு கண்டால் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்வாபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தொழிலாளிக்கு அளிக்கின்றது.

ஓட்டுநர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள். தார்ச்சாலை ஏறியதும் இழுவை நெம்புகோலை எடுத்துவிடுங்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மழையில்லா மாதங்களிலும் மாதம் ஒரு முறை ஹப்புகளைப் பூட்டிச் சில மைல் ஓட்டுங்கள். பழைய லேண்ட்ரோவரில் முன் தண்டு சுழன்றால்தான் மேல் புஷ்ஷுக்கு எண்ணெய் தெறித்து ஏறும்.

குமிழின் ‘லோக்’ குறிக்கு நேரே ஒரு துளி வெள்ளைச் சாயம் இட்டுவையுங்கள். விடியற்காலை இருட்டிலும் கைவிளக்கு வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும்.