மூடப்பட்ட உரையாடல் மடம்



மென்பொருளை ஒருவர் எழுதி விற்பதும் உண்டு. பலர் கூடி எழுதி, அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் விட்டுவிடுவதும் உண்டு. பின்னைய வகையைத் திறமூல மென்பொருள் என்பர். பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவியை ஆக்கிய மொஸில்லா அவ்வகையினது. 1998ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டபோது பிறந்த இம்முயற்சியிற் பல நாட்டவர் ஈடுபட்டனர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இவர்கள் கூடிப் பேசுவதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ? ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவ்விடமாக விளங்கியது, மொஸில்லா தானே நடத்திவந்த ஐ.ஆர்.சி. உரையாடல் வழங்கியாகும். அது 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் நிறுத்தினார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஐ.ஆர்.சி. என்பது 1988ஆம் ஆண்டு பின்லாந்திலே, ஓலு பல்கலைக்கழகத்தில், யார்க்கோ ஒய்க்காரினென் என்பார் ஆக்கிய உரையாடல் முறை. வழிப்போக்கர் மடம் போன்றது அது. வாயிலில் எவரும் நின்று யார், எவர் என்று கேட்பதில்லை. விரும்பிய பெயரொன்றைச் சூடிக்கொண்டு உள்ளே புகலாம். 1993இல் எழுதி வெளியிடப்பட்ட அதன் விதிகளின்படி, பெயர் 9 எழுத்துக்கு மேற்படலாகாது. ஒரு செய்தி, கட்டளைச் சொற்கள் உட்பட, 512 எழுத்துக்குள் அடங்கவேண்டும். இத்தகைய எளிமையினாலேயே, மிகச் சிறிய கணினியிலும் மெதுவான தொடர்பிலும் அது நன்கு இயங்கிற்று.

ஆயின், அந்த எளிமைக்கு விலையும் உண்டு. வழங்கி எந்தச் செய்தியையும் சேமித்து வைப்பதில்லை. நீங்கள் உறங்கும்போது பேசப்பட்டது உங்களுக்கு இல்லை. அனுபவம் முதிர்ந்தவர்களோ, இரவும் பகலும் அணையாத வேறொரு கணினியைத் தமக்காக விழித்திருக்கச் செய்து, செய்திகளைச் சேர்த்துவைத்துக் கொண்டார்கள். புதிதாக வருபவருக்கு இந்த வித்தையெல்லாம் எங்ஙனம் தெரியும்? ஒரு வினாவைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருப்பார். பதில் வாராதது கண்டு போய்விடுவார். அவர் போனபின் பதில் வரும். இப்படிப் போனவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் வந்ததற்கே அடையாளம் இல்லையே. இருப்பவர்களுக்கு எல்லாம் செவ்வையாக நடப்பதாகவே தோன்றும்.

இதனினும் பெருந்தொல்லை ஒன்று இருந்தது. அடையாளம் கேளாத வாயிலால் நல்லவர் மட்டுமா நுழைவர்? குப்பைச் செய்திகளைக் கொட்டுவோரும், பிறரை இழிவுபடுத்தித் துன்புறுத்துவோரும் நுழைந்தனர். ஒருவரை வெளியேற்றினால், அவர் வேறு பெயரில் மீண்டும் வந்தார். மொஸில்லாவுக்கு நடத்தை விதிகள் இருந்தன; ஆயினும் இன்னார் என்று அறியவொண்ணாத இடத்தில் விதியை யார்மேற் செலுத்துவது? தொல்லை பொறாதவர்கள் சொல்லாமலே விலகினர். என் கருத்தில், மற்றைய காரணங்கள் ஒன்றும் இல்லாவிடினும் இது ஒன்றே போதியதாகும்.

2019 ஏப்ரலிலே, ஐ.ஆர்.சி. வழங்கி மூடப்படும் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். அடுத்து வருவது புதிதாகத் தாமே எழுதுவதாக இராது, ஆயத்தமாக உள்ளவற்றுள் ஒன்றாகவே இருக்கும் என்றும் முடிவு செய்தனர். உறுப்பினர் அடையாளம் உறுதி செய்யப்படவேண்டும். பார்வையற்றோர் முதலியோரும் அதனைத் தடையின்றிப் பயன்படுத்த இயலவேண்டும் என நிபந்தனைகள் வகுத்தனர். மட்டர்மோஸ்ட், ரொக்கெட் சட், ஸ்லாக், மேட்ரிக்ஸ் ஆகிய நான்கும் பரீட்சைக்கு வந்தன. 2019 டிசம்பரில் மேட்ரிக்ஸ் தெரிவாயிற்று.

2014இல் வெளிவந்த மேட்ரிக்ஸ், மின்னஞ்சலை ஒத்தது. ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொரு வழங்கியில் இருப்பவரோடு பேசலாம். செய்திகள் வழங்கியிற் சேமிக்கப்படுவதால், உறங்கி எழுந்தவரும் விட்டதைப் படிக்கலாம். அதன் விதிகள் யாவர்க்கும் திறந்தவை. வழங்கியைப் பராமரிக்கும் வேலையை மொஸில்லா பணம் கொடுத்து வெளியாரிடம் ஒப்படைத்தது. இது தன்னாட்சியை இழப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால், விதிகள் திறந்திருப்பதால் நடத்துவோரை மாற்ற இயலும். தனியொரு நிறுவனத்துக்கே உரிய சேவையிற் புகுந்திருந்தால், அந்த வழி இல்லை.

சொந்த வழங்கியை மூடிப் பொதுவான ஐ.ஆர்.சி. வலையமைப்பு ஒன்றிற் போய் இருந்திருக்கலாமே என்பாரும் உளர். அவ்வகையிற் பெரிதாயிருந்த பிரீநோட், அதன் உடைமை பற்றிய பிணக்கினால் 2021 மே மாதத்தில் உடைந்தது. தொண்டர்கள் பெரும்பாலோர் விலகி லிபேரா சட் என்னும் புதிய வலையமைப்பைத் தொடங்க, உபுண்டு, விக்கிமீடியா முதலியவற்றின் சமூகத்தார் தம் உரையாடல்களை அவ்விடத்துக்கு மாற்ற நேர்ந்தது.

மொஸில்லாவினரோ ஏறத்தாழ ஓராண்டு முன்னறிவித்தலோடு நகர்ந்தார்கள். பழையதும் புதியதும் சில மாதங்கள் அருகருகே இயங்கின. அக்காலத்திலே ஒவ்வொரு குழுவும் தன் அறையைப் புதிய இடத்தில் திறந்து, பழைய அறையின் தலைப்பில் புதிய முகவரியை எழுதிவைக்கலாம். பிழை அறிக்கையின் எண்ணைத் தட்டினால் விவரம் தரும் தானியங்கிகளையும் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். பழைய முறையிற் பழகியவர்கள் வருந்தாமல் இல்லை. தமக்குப் பிடித்த எளிய கருவிகளை இழந்தோம் என்று அவர்கள் கூறியது உண்மையே. மார்ச்சு மாதத்தில் பழைய முகவரி விடையளிப்பதை நிறுத்தியபோது, உரையாடல் புதிய வழங்கியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.