பம்பிங் 35 என்றால் ஆள் அவ்வளவுதானா? மாரடைப்புக்குப் பின் இதயம் எவ்வளவு மீளும்?

மாரடைப்பில் உயிர் தப்பி வீடு திரும்பியவரைச் சுற்றி அடுத்த சில வாரங்களுக்கு ஒரே ஒரு எண்தான் பேச்சில் அடிபடும். "பம்பிங் முப்பத்தஞ்சுதான் இருக்காம்." இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் அது; சாதாரணமாக ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. அதைக் கேட்டவுடனே பார்க்க வந்த உறவினர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்: இனி காட்டு வேலை கிடையாது, வண்டி ஓட்டக் கூடாது, ஆள் அவ்வளவுதான்.

அப்படி முடிவு கட்டுவது தவறு. முதல் வாரத்தில் எடுத்த எக்கோ, இதயம் அன்று இருந்த நிலையைத்தான் காட்டும். அது எவ்வளவு மீளும் என்பதைக் கணிக்க வேறு பரிசோதனை இருக்கிறது: இதயத்தை வேலை வாங்கிக்கொண்டே படம் எடுப்பது. ஸ்ட்ரெஸ் எக்கோ, ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்? தூரம்தான் காரணம். வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தால், வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதே பாதி நேரம் போய்விடுகிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்றால் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போகிறவர்கள் இன்றும் பலர். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தாமதம் கூடக் கூட இதயத் தசையின் சேதமும் கூடும், பம்பிங்கும் குறையும்.

இந்தத் தாமதம் நாடு முழுவதும் உள்ளதுதான். இந்தியாவின் 50 நகரங்களில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்த 'கிரியேட்' ஆய்வு 2008இல் வெளியானது. வலி தொடங்கி ஆறு மணி நேரம் ஆன பிறகும் பாதிப் பேர் மருத்துவமனை வாசலை எட்டியிருக்கவில்லை.

தமிழ்நாடு இதைச் சரிசெய்ய முயன்ற விதம் உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோரின் முன்முயற்சியில், சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைக்கும் திட்டம் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அதன் நோக்கம்.

இப்படிப் பிழைத்தவர்களின் இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

அடைபட்ட ரத்தக் குழாயை நம்பியிருந்த இதயத் தசை முழுவதும் செத்துவிடுவதில்லை. ஒரு பகுதி செத்துத் தழும்பாகிறது, அது திரும்பாது. இன்னொரு பகுதி அதிர்ச்சியில் செயலிழந்து நிற்கிறது. ரத்தம் திரும்பக் கிடைத்ததும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகத் தேறும். மூன்றாவது பகுதிதான் கவனிக்க வேண்டியது. போதிய ரத்தம் கிடைக்காததால் துடிப்பைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும் தசை அது. மழை பொய்த்த மானாவாரிச் சோளம் வாடி நின்றாலும் வேரில் உயிர் இருப்பதைப் போன்ற நிலை. பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இதய மருத்துவர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1980களில் இந்த உறக்கநிலைத் தசையை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

ஓய்வில் எடுத்த எக்கோவில் இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். மூன்றும் சரிவர அசையாது. வேறுபாட்டைக் காட்டித்தருவது ஸ்ட்ரெஸ் எக்கோ.

கையில் ஒரு ஊசி வழியாக டோபுட்டமின் என்ற மருந்து சிறுகச் சிறுக ஏற்றப்படும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் 40 வரை. மூட்டுவலியால் ட்ரெட்மில்லில் நடக்க முடியாதவருக்கும் இது பொருந்தும். மருந்து ஏற ஏற மருத்துவர் இதயச் சுவரைப் பகுதி பகுதியாகப் பார்க்கிறார். குறைந்த அளவிலேயே அசையாத சுவர் அசையத் தொடங்கினால் அங்கே உயிர் இருக்கிறது. அளவு கூடும்போது அதே சுவர் மறுபடி சோர்ந்தால், உயிரும் இருக்கிறது, ரத்தப் பற்றாக்குறையும் இருக்கிறது என்று பொருள். அடைப்பை நீக்கினால் தேற அதிக வாய்ப்புள்ள பகுதி அதுவே. கடைசிவரை அசையாத சுவர் பெரும்பாலும் தழும்பு.

தாலியம் ஸ்கேன் வேறு வழியில் செல்கிறது. உயிருள்ள செல்கள் மட்டுமே உள்ளிழுத்துக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. தழும்பின் ஆழத்தைக் காட்டும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் தழும்பானால் அந்தப் பகுதி மீளும் வாய்ப்பு குறைவு. இந்த இரண்டுக்கும் பொதுவாகப் பெருநகரம் போக வேண்டும். ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கு எக்கோ கருவியும் பழகிய இதய மருத்துவரும் அவசர மருந்துகளும் இருந்தால் போதும்.

பரிசோதனையில் உயிர் தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டுமா? அப்படி இல்லை. பிரிட்டனில் பம்பிங் மிகக் குறைந்த 700 பேரிடம் நடந்த 'ரிவைவ்ட்' ஆய்வு 2022இல் வெளிவந்தது. உயிருள்ள தசை இருப்பது உறுதியானவர்களிடம்கூட, மாத்திரைகளோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. மாரடைப்பு வந்து மூன்று நாள் முதல் 28 நாள் வரை கழித்து, முழுதாக அடைபட்ட குழாயைத் திறப்பதால் நிலையாக இருக்கும் நோயாளிக்குப் பலனில்லை என்று 2,166 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2006இலேயே காட்டியது. ஆகவே இந்தப் படங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நெஞ்சுவலி, ஆஞ்சியோ, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். மாத்திரைகள் எந்த வழியிலும் தொடர வேண்டும்.

உடனே முடிவெடுக்காமல் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவியைக்கூட மாரடைப்பிலிருந்து 40 நாள் கழித்து, பம்பிங்கை மறுபடி பார்த்த பிறகே பொருத்த முடிவு செய்கிறார்கள். அதற்குள் தேறிவிடும் இதயங்கள் நிறைய.

ஆனால் வலி நின்றதும், அறுவடை வந்ததும், பஸ் செலவை நினைத்தும் பலர் மறுபரிசோதனைக்குப் போவதில்லை. குடும்பத்தார் செய்ய வேண்டியவை எளியவை. டிஸ்சார்ஜ் சம்மரி, இ.சி.ஜி., ஆஞ்சியோ சி.டி. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மருத்துவர் சொன்ன தேதியில் எக்கோவை மறுபடி எடுங்கள். பம்பிங் அப்போதும் குறைவாக இருந்தால், "தசையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ஃபைலோடு வைத்திருங்கள். நெஞ்சுவலி மறுபடி வந்தால் எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.