உஷார்! பெரிய தோட்டா வாங்கினால் குறி தப்பாது என்று நம்பாதீர்கள்

ரைஃபிள் சுடுவதில் கொஞ்சம் கை பழகியதும் அடுத்த ஆசை தூரம்தான். நூறு கஜத்தில் காகிதத்தைத் துளைத்தவருக்கு, ஆயிரம் கஜத்துக்கு அப்பால் இரும்புத் தகடு ‘டங்’ என்று ஒலிப்பதைக் கேட்க வேண்டும். தூரம் என்றால் பெரிய தோட்டா, அதைவிடத் தூரம் என்றால் அதைவிடப் பெரிய தோட்டா என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் குடியேறி இந்த விளையாட்டில் இறங்கும் நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அந்தக் கணக்கு தவறு. அது பணத்தோடு நிற்காது. காதைக் கேட்கும், கண்ணைக் கேட்கும், சில நேரம் உயிரையே கேட்கும்.

இயந்திரத் துப்பாக்கிக்குப் பிறந்த தோட்டா

எல்லாரும் முதலில் கை நீட்டுவது .50 பிஎம்ஜி. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், ஜான் பிரவுனிங்கின் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காக உருவானது அது. வண்டியையும் விமானத்தையும் சல்லடையாக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒவ்வொரு குண்டும் ஒரே புள்ளியில் விழ வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றும் மலிவாகக் கிடைக்கும் .50 தோட்டாக்களில் பெரும்பகுதி அந்த ராணுவ ரகமே. எவ்வளவு விலை உயர்ந்த ரைஃபிளில் போட்டாலும், ஆயிரம் கஜத்தில் அவை ஒரு கதவின் அகலத்துக்குச் சிதறலாம்.

.50-ஐத் துல்லியமாகச் சுடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் கடைந்தெடுத்த போட்டி ரகக் குண்டை வாங்கி, ஒவ்வொரு தோட்டாவிலும் பவுடரை நிறுத்துப் போட்டு, தாங்களே தயாரிப்பவர்கள். அந்த உழைப்புக்குத் தயாராக இல்லாதவருக்கு அந்தத் துல்லியம் கிடைக்காது. வெறும் சத்தம்தான் கிடைக்கும்.

மூலம் தெரியாத தோட்டா கழுத்தை அறுக்கும்

2021 ஏப்ரலில் அமெரிக்க யூடியூபர் ஒருவர் .50 ரைஃபிளில், கவசம் துளைக்கும் பழைய ராணுவ ரகத் தோட்டாவைச் சுட்டார். ரைஃபிளின் பின்மூடி மறை பிய்ந்து தெறித்தது. உலோகத் துண்டுகள் அவர் கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்தன; நுரையீரலும் குத்துப்பட்டது. காயத்துக்குள் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைந்ததால் பிழைத்தார். தோட்டா அளவுக்கு மீறிய அழுத்தத்தைக் கிளப்பியிருக்க வேண்டும் என்பது ரைஃபிளை வடிவமைத்தவரின் கணிப்பு.

.50 தோட்டா முறையாக வெடிக்கும்போதே ரைஃபிளின் வெடியறைக்குள் சுமார் 55,000 பிஎஸ்ஐ அழுத்தம் எழுகிறது. அந்த வெடியறை இரும்புக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். ஆகவே பெட்டி இல்லாமல் உதிரியாக விற்கும் தோட்டா, யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டா, நுனியில் வண்ணம் பூசிய ராணுவ மிச்சம் எதையும் தொடாதீர்கள். வண்ணம் பூசியவற்றில் பல தீப்பொறி கக்குபவை. காய்ந்த புல்லில் ஒன்று விழுந்தால் காடே எரியும்.

தோள் பயந்தால் குறி போச்சு

ஒரே எடையுள்ள ரைஃபிளில், .308-ஐவிட .338 லாபுவா மேக்னம் இரு மடங்குக்கும் மேல் உதைக்கும். அந்த உதைக்குப் பயந்து விரல் விசையை அழுத்தும் நொடியிலேயே உடல் தானாக இறுகும், கண் மூடும். நூறு கஜத்தில் ஒரு அங்குலப் பிசகு ஆயிரம் கஜத்தில் பத்து அங்குலமாகிவிடும். ஸ்கோப்பைக் கண்ணுக்கு மிக அருகில் பொருத்தினால் அதன் விளிம்பு புருவத்தைப் பிறை வடிவில் வெட்டிவிடும்.

உதையைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்தும் ‘மஸில் பிரேக்’ வெடிப்பின் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அடியும் சத்தமும் பக்கத்தில் நிற்பவருக்குப் போகின்றன. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கப் போதும். இந்த ரைஃபிள்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். கூட வந்த குழந்தைக்கும்தான்.

தூரத்தை வெல்வது எது?

குண்டின் வடிவம், வேகம், ஒவ்வொரு சுடுதலிலும் மாறாத சீர்மை. இவை மூன்றும்தான். மணிக்கு பத்து மைல் குறுக்குக்காற்றில், ஆயிரம் கஜத்தில் .308-இன் குண்டு இரண்டு மீட்டருக்கும் மேல் ஒதுங்கும். .338 லாபுவாவின் 300 கிரெய்ன் குண்டு சுமார் ஒன்றரை மீட்டர் ஒதுங்கும். ஒதுங்கல் குறைந்ததே தவிர மறையவில்லை. காற்றைப் படிக்கத் தெரியாதவர் இரண்டிலும் தகட்டைத் தவறவிடுவார்.

இன்னொன்று, குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டருக்கு இறங்கும் இடத்தில் அது தள்ளாடத் தொடங்கும். அதற்குள் இலக்கு வந்துவிட வேண்டும். .338 லாபுவா சுமார் 1,500 மீட்டர் வரை அந்த வேகத்துக்கு மேலேயே பறக்கும். அதன் உண்மையான பயன் அதுதான். ஆயிரம் கஜம் போதும் என்பவருக்கு 6.5 கிரீட்மூர் தாராளமாகப் போதும். நியூ மெக்சிகோவின் ரேட்டனில் இரண்டு மைல் தூரத்துக்குப் போட்டி நடந்திருக்கிறது; .416 பாரெட் போன்ற ராட்சதத் தோட்டாக்களுக்கு வேலை அங்கேதான்.

குழலின் சுழல்வரியையும் கேளுங்கள். நீளமான குண்டு பம்பரம் போல வேகமாகச் சுழன்றால்தான் நேராக நிற்கும். .338-இன் 300 கிரெய்ன் குண்டுக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட நெருக்கமான வரியோ வேண்டும். இதைக் கேட்காமல் கனத்த குண்டு வாங்கினால் அது பக்கவாட்டில் புரண்டு தகட்டில் விழும். மேக்னம் தோட்டாக்கள் குழலையும் சீக்கிரம் அரித்துவிடும்; .308-இன் குழல் தாங்கும் அளவில் பாதிகூட அவை தாங்காமல் போகலாம்.

பெயர் ஒன்றுபோல் இருக்கும், தோட்டா வேறு

.300 வின்செஸ்டர் மேக்னம், .300 வெதர்பி மேக்னம், .300 நார்மா மேக்னம், .300 பிஆர்சி என நான்கும் வேறு வேறு. .338 லாபுவா வேறு, .338 நார்மா வேறு, .338 வின்செஸ்டர் வேறு. ‘முந்நூறு மேக்னம்’ என்று வாயால் கேட்டு வாங்கினால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 ரைஃபிளில் போட்டு ரைஃபிளே வெடித்துச் சிதறிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இரண்டு வகைத் தோட்டாக்களை ஒரே மேசையில் வைக்கவே கூடாது.

வீட்டில் நிரப்புவோருக்கும் இதே எச்சரிக்கை. இந்தப் பெரிய கூடுகளுக்கு மெதுவாக எரியும் பவுடர் வேண்டும். வேகமாக எரியும் கைத்துப்பாக்கிப் பவுடர் மாறி விழுந்தால் ரைஃபிள் வெடிகுண்டாகிவிடும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

.50 பிஎம்ஜி குண்டின் அதிகபட்ச எட்டம் ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல். தகட்டைத் தவறவிட்ட குண்டு எங்கோ ஓர் ஊரில், ஒரு வீட்டில் போய் விழலாம். பின்னால் உயர்ந்த மண்மேடு இல்லாத வெளியில் சுடவே சுடாதீர்கள். பல ரேஞ்சுகளில் இந்தக் கேலிபருக்கு அனுமதியே கிடையாது. காசு கொடுத்து வாங்கும் முன் எங்கே சுடப்போகிறோம் என்று விசாரியுங்கள்.

சட்டமும் சும்மா விடாது

ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தக் குற்றத்தில் அடங்கும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், விசாவும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் 2005 முதல் .50 பிஎம்ஜி ரைஃபிளைப் புதிதாக வாங்க முடியாது.

ஊருக்குக் கிளம்பும் முன் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை உதறிப் பாருங்கள். ஓரத்தில் கிடந்த ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலே போதும்; 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விசாரணை, கோர்ட் என்று விடுமுறை முழுக்கப் போய்விடும்.

ஆகவே சட்டப்படி தடை இல்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். எந்தத் தூரத்துக்கு, எந்த ரேஞ்சில் சுடப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். அந்தத் தூரத்துக்குப் போதுமான மிகச் சிறிய தோட்டாவை, பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் சீல் வைத்த பெட்டியில் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைத் தேர்ந்த பயிற்சியாளரிடம் கொடுத்துக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டாவில் குறி தப்பாத நாள் வரும்வரை, பெரியது பக்கம் போகவே வேண்டாம்!