புது கார் வாங்கப் போறீங்களா? கொட்டேஷன்ல இந்த வரிகளை கவனிக்காம கையெழுத்து போட்டுடாதீங்க!

விளம்பரத்துல 9 லட்சத்து 90 ஆயிரம்னு போட்டிருந்த கார், சாவி கைக்கு வரும்போது 11 லட்சத்தைத் தாண்டிடுது. நடுவுல என்ன நடக்குது? விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. வாடிக்கையாளர் உண்மையில் கட்டுவது ஆன்-ரோடு விலை. பேரம் பேச வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அதனால் ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி இல்லை. ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியாகப் பிரித்துக் காட்டும் கொட்டேஷன். வாயால் சொன்ன கணக்கு டெலிவரி அன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

10 லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான புது கார்களுக்கு சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 2023 நவம்பரில் இந்த விகிதங்கள் உயர்த்தப்பட்டன. 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். அதே கார் டாப் வேரியன்ட் என்று 10.10 லட்சத்துக்குப் போனால் 1,81,800 ரூபாய். விலையில் வித்தியாசம் 20 ஆயிரம்தான், வரியில் மட்டும் 53,100 ரூபாய்! சன்ரூஃப் ஆசையில் இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

10 லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் என்று 1 சதவீதமும் வசூலிப்பார்கள். இது வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மறக்காம கணக்குல காட்டணும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பையே 'எங்க ஸ்பெஷல் ஆஃபர்' என்று யாராவது சொன்னால், அது அரசு குறைத்தது, டீலர் கையில் இருந்து வந்தது இல்லை.

ஹேண்ட்லிங் சார்ஜ், இன்சூரன்ஸ்

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்று சில ஆயிரங்கள் இருந்தால் தயங்காமல் அடிக்கச் சொல்லலாம். வண்டியை ஷோரூம் வரை கொண்டு வரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும். டெஃப்ளான் கோட்டிங், ஆக்சஸரீஸ் பேக்கேஜ் எல்லாமே விருப்பம் இருந்தால் மட்டும்தான்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. புது காருக்கு 3 வருட தேர்ட் பார்ட்டி கவர் கட்டாயம், சொந்த சேதத்துக்கான கவரை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். வெளியே ஆன்லைனில் ஒரு கொட்டேஷன் எடுத்து டீலர் முன்னால் வைத்தாலே தொகை இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் ஒப்பிடும்போது ஐடிவி, ஜீரோ டெப் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கணும். ஐடிவியைக் குறைத்தால் பிரீமியமும் குறையும், வண்டி திருடு போனால் கிடைக்கும் பணமும் குறையும். 'இன்சூரன்ஸ் வெளிய எடுத்தா டிஸ்கவுண்ட் இல்ல' என்றால் சண்டை வேண்டாம். ரெண்டு மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அதை எடுங்க.

வட்டி எந்த வட்டி?

அதிக பணம் போவது இங்கேதான். 6 லட்சம் ரூபாய் கடன், 5 வருடம், 9 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால் வட்டி மட்டும் 2.70 லட்சம் ரூபாய். அதே 9 சதவீதம் குறையும் அசலுக்கு என்றால் வட்டி சுமார் 1.47 லட்சம்தான். சொல்லும் எண் ஒன்று, கட்டும் பணம் வேறு. இஎம்ஐ-யை மட்டும் பார்க்காமல், கடன் கொடுப்பவர் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் இருக்கும் ஏபிஆர் என்ற ஆண்டுச் செலவு விகிதத்தைப் பாருங்க. முன்கூட்டியே கடனை முடித்தால் என்ன கட்டணம் என்பதும் அதிலேயே தெரியும்.

எப்போ வாங்கலாம்?

ஆடி மாசத்தில் வண்டி எடுக்க நம்ம ஊரில் பலர் தயங்குவார்கள். அதனால் ஷோரூம்களில் கூட்டம் குறையும், பேரத்துக்கு ஆளும் கிடைப்பார்கள். ஆயுத பூஜை நேரத்தில் நிலைமை தலைகீழ். டிசம்பரில் தள்ளுபடி அதிகம் கிடைக்கும், ஆனால் ஆர்சி-யில் தயாரிப்பு மாதமும் வருடமும் பதிவாகும். ஜனவரியில் வாங்கினாலும் போன வருஷ வண்டி என்றால் விற்கும்போது விலை அடிபடும். 8, 10 வருஷம் ஓட்டப் போறவங்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. 3 வருஷத்தில் மாற்றுபவர்கள் யோசிக்கணும்.

பழைய காரை எக்ஸ்சேஞ்ச் கொடுப்பவர்கள், புது காரின் விலையைப் பேசி முடித்த பிறகே அதைப் பற்றி வாயைத் திறக்கலாம். 40 ஆயிரம் எக்ஸ்சேஞ்ச் போனஸ் கொடுத்துவிட்டு, பழைய வண்டியின் மதிப்பில் 50 ஆயிரம் குறைத்தால் யாருக்கு லாபம்?

கடைசியாக, வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே யார்டுக்குப் போய் பார்க்கணும். சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், ஓடிய கிலோமீட்டர், டயர், பெயிண்ட் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அந்த சேசிஸ் எண்ணை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உங்க பேரில் பதிவாகிவிட்டால், கீறல் இருந்தாலும் வண்டியை மாற்றித் தரச் சொல்வது ரொம்பவே கஷ்டம்.